கடைசி ரீலையும் காட்டுங்கள்

பழைய தமிழ்ப் படங்களின் ஒளிபரப்பு உரிமையைக் கையில் வைத்திருக்கும் தொலைக்காட்சி நிறுவனத்தாருக்கு,

வணக்கம். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் உங்கள் சேனலில் ‘பொம்மை’ போட்டீர்கள். முதலில் அதற்கு நன்றி. 1964இல் வந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஞாயிறு மதியம் போடலாம் என்று உங்கள் அலுவலகத்தில் யாருக்கோ தோன்றியிருக்கிறதே, அவர் நன்றாக இருக்கட்டும். அதன் கடைசிப் பகுதியை வெட்டிவிடலாம் என்று தோன்றியவருக்குத்தான் இந்த மடல்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். பொம்மைக்குள் குண்டு. யாரைக் குறிவைத்து வைத்தார்களோ அவரை விட்டுவிட்டு அது ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறது. கைமாறும் ஒவ்வொரு தடவையும் நமக்குப் பகீர் என்கிறது, வைத்திருப்பவருக்கோ ஒன்றும் தெரியாது. பயமுறுத்த இதைவிட எளிய வழி ஏதாவது உண்டா? வீணை எஸ். பாலசந்தர் இயக்கி, இசையமைத்து, தானே நடித்தும் இருக்கிறார். கதை முடிந்த பிறகு அவரே திரையில் வந்து, படத்தில் வேலை செய்தவர்களை நமக்கு அறிமுகம் செய்துவைப்பார். கேமராவுக்குப் பின்னால் நின்றவர்களின் முகத்தை இப்படிக் காட்டிய வேறு தமிழ்ப் படம் எனக்கு நினைவில் வரவில்லை.

அந்த இடத்துக்காகத்தான் அம்மா உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில் ஊர்க் கொட்டகையில் பார்த்த படம். கதை பாதி மறந்துவிட்டது, முடிவில் எல்லோரும் வந்து நின்றது மட்டும் மறக்கவில்லை. மதியம் படுக்காமல், இடுப்பு வலியோடு, நாற்காலியில் தலையணை வைத்துக்கொண்டு பார்த்தார். குண்டு விவகாரம் ஒருவழியாக முடிந்ததும் நான் எழுந்தேன். “இருடா, இனிமேதான் எல்லாரும் வருவாங்க” என்றார்.

யாரும் வரவில்லை. படம் சுருங்கித் திரையின் ஒரு மூலைக்குப் போயிற்று. மிச்ச இடத்தில் உங்கள் இரவு சீரியலின் நாயகி அழுதார். பிறகு அந்த மூலையும் காணாமல் போய், மூட்டு வலித் தைலத்தைப் பற்றி ஒருவர் விடாமல் பேச ஆரம்பித்தார். அம்மா ரிமோட்டைக் கேட்டார், நான்தான் தெரியாமல் சேனலை மாற்றிவிட்டேனோ என்று. இல்லம்மா, அவர்களே நிறுத்திவிட்டார்கள் என்றேன். “ஏன்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை அப்படியே உங்களுக்கு அனுப்புகிறேன். அரை மணி நேரம் ஓடிய தைல விளம்பரத்தில் சில நிமிடங்களை அந்தக் கலைஞர்களுக்குக் கொடுத்திருந்தால் தைலம் கெட்டுப்போயிருக்குமா?

நான் கேட்பது ஒன்றுதான். படத்தை எடுத்தவர்கள் எடுத்தபடி, முழுதாகப் போடுங்கள்.

இது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கோபம் என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் ஆப்புக்கும் நான் சந்தா கட்டுகிறவன். ‘அந்த நாள்’ அதில் இருக்கிறது. ஏவி.எம். தயாரிப்பில் 1954இல் பாலசந்தர் எடுத்தது. பாட்டு ஒன்றுகூட இல்லாமல் தமிழில் வந்த முதல் படம். எடுத்த எடுப்பிலேயே சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். இரண்டு வருடம் முன்புதான் ‘பராசக்தி’யில் தமிழ்நாட்டையே பேசவைத்த நடிகர், இதில் முதல் காட்சியிலேயே பிணம்! ஜப்பான் சென்னையில் குண்டு போட்ட 1943ஆம் வருடத்துக் கதை. சி.ஐ.டி. அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன் ஒவ்வொருவராக விசாரிக்க, ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். யார் சுட்டது என்பது கடைசியில்தான் தெரியும். தெரிய வேண்டும்.

ஆனால் உங்கள் ஆப்பில் படத்தின் பெயரைத் தொட்டதும் ஒரு கதைச் சுருக்கம் வருகிறது. அதன் இரண்டாவது வரியிலேயே சுட்டது யார் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். கறுப்பு வெள்ளை என்றாலே முகம் சுளிக்கும் என் அக்கா மகனை எப்படியோ பேசிச் சரிக்கட்டி உட்கார வைத்திருந்தேன். அவன் அந்த இரண்டு வரியைப் படித்தான். “அதான் தெரிஞ்சுபோச்சே மாமா, அப்புறம் எதுக்குப் பாக்கணும்?” என்று போனை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியுமா? எழுபது வருடமாக அந்த ரகசியத்தைப் பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். காசு கொடுத்து உரிமை வாங்கிய நீங்கள் அதை முகப்பிலேயே ஒட்டி வைத்தீர்கள். (இந்த மடலிலும் கொலையாளியைச் சொல்லமாட்டேன். உங்கள் சுருக்கத்தைப் படிக்காத யாராவது இன்னும் மிச்சம் இருக்கலாம்.)

அதே படத்தில் இன்னொன்று. கேமராவைத் தாழ்வாக வைத்து, முகத்தில் பாதி வெளிச்சமும் பாதி இருட்டுமாக எடுத்த படம் அது. உங்கள் ஆப்பில் பாத்திரங்களுக்கு நெற்றி இல்லை. சில இடங்களில் மோவாயும் இல்லை. ஏன் என்று உங்கள் தொழில்நுட்பப் பிரிவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1973இல் ‘ராஜராஜ சோழன்’ சினிமாஸ்கோப் என்ற அகலத்திரையில் வருவதற்கு முன்னால் நம் படங்களின் சட்டம், அதாவது ஃப்ரேம், இவ்வளவு அகலம் கிடையாது. நாலுக்கு மூன்று என்ற கணக்கில் ஏறக்குறைய சதுரமாக இருக்கும். இன்றைய டிவி பதினாறுக்கு ஒன்பது. பழைய படத்தால் அகலத்தை நிரப்ப வேண்டும் என்றால் மேலேயும் கீழேயும் சீவ வேண்டும். சீவினால் படத்தில் கால் பங்கு போய்விடும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிந்தால் பார்க்கிறவர்களுக்குப் பிடிக்காது என்று யார் உங்களிடம் சொன்னார்கள்? எனக்குப் பட்டை பிடிக்கும். நாயகி பண்டரிபாயின் முகம் முழுதாகத் தெரிவது அதைவிடப் பிடிக்கும்.

விளம்பரமே கூடாது என்று கேட்கவில்லை. அதில்தான் நீங்கள் பிழைக்கிறீர்கள், புரிகிறது. மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று 1994ஆம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சி விதிகளிலேயே இருக்கிறது, அந்தக் கணக்கைப் பார்ப்பது வேறு ஆட்களின் வேலை. நான் கேட்பது, அந்த 12 நிமிடத்தை எங்கே வைக்கிறீர்கள் என்று. ‘உதிரிப்பூக்கள்’ முடிவில் ஊரே ஆற்றங்கரையில் நிற்கிறது. இயக்குநர் மகேந்திரன் அங்கே வசனத்தைக் குறைத்துக்கொண்டே போகிறார். அசோக்குமாரின் கேமரா அவசரப்படாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. படம் முழுக்க நாம் வெறுத்த ஒருவனைப் பார்த்து, இன்னதென்று சொல்லத் தெரியாத ஏதோ ஒன்று நெஞ்சை அடைக்கிறது. சரியாக அங்கே சாம்பார் பொடி விளம்பரம். இடைவேளைக்குப் பிறகு திரும்பி வந்தபோது ஆறு இருந்தது, அடைப்பு போய்விட்டது.

குடும்பக் கதையாவது கொஞ்சம் தாங்கும். பேய்ப்படம் தாங்கவே தாங்காது. பேய் வருவதற்கு முன்னால் இருக்கும் அந்த வெறும் நேரத்தில்தான் பயம் இருக்கிறது. காலியான தாழ்வாரம், ஆடும் திரைச்சீலை, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. அந்த வெறும் நேரத்தைப் பார்த்ததும் ‘ஒன்றும் நடக்கவில்லை, இங்கே விளம்பரம் வைக்கலாம்’ என்று உங்கள் ஆட்களுக்குத் தோன்றுகிறது போலிருக்கிறது. ‘யாவரும் நலம்’ போட்ட அன்று எனக்கு உண்மையிலேயே குழப்பம் வந்துவிட்டது. 2009இல் வந்த அந்தப் படத்தில் 13பி என்ற வீட்டில் மட்டும் தெரியும் ஒரு சீரியல் வழியாகத்தான் பேய் பேசும். மாதவன் பயந்துபோய் டிவியைப் பார்க்கிறார், நானும் பார்க்கிறேன், உங்கள் சீரியலின் முன்னோட்டம் திரையின் கீழ்ப்பாதியில் ஏறி வருகிறது. படத்தில் இருக்கிற பேய் எது, நீங்கள் அனுப்பிய பேய் எது என்று தெரியவில்லை.

பாட்டு வெட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘யார் நீ?’ 1966இல் வந்தது, ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்தது. சுசீலா பாடிய ‘நானே வருவேன்’ கேட்கும்போதெல்லாம் இது மனுஷியா ஆவியா என்ற சந்தேகம் கூடிக்கொண்டே போகும். நேரத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று நீங்கள் அந்தப் பாட்டை எடுத்துவிட்டீர்கள். பாட்டை எடுத்தால் பேயே போய்விட்டதே ஐயா! மிஞ்சியது, ஒரு டாக்டருக்குக் கல்யாணத்தில் ஏதோ பிரச்சினை.

ஆனால் பேய் நடனமாடுகிற படங்கள் மட்டும் உங்களிடம் ஒரு வெட்டும் இல்லாமல், மாதம் தவறாமல், பண்டிகைச் சிறப்புத் திரைப்படமாக வந்துவிடுகின்றன. குழந்தைகளோடு சிரித்துக்கொண்டு பார்க்கலாம், எனக்கு அவற்றின் மேல் கோபம் இல்லை. ஆனால் இப்போது திகில் இசை எல்லாம் உங்கள் செய்திப் பிரிவுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. தக்காளி விலை ஏறினால் இடி இடிக்கிறது, அமைச்சர் காரில் இருந்து இறங்கினால் வயலின் அலறுகிறது. 1980இல் ‘மூடுபனி’ வந்தது. இளையராஜாவுக்கு அது நூறாவது படம். அதில் இந்தச் சத்தத்தில் பாதிகூடக் கிடையாது. பாலு மகேந்திரா வெளிச்சத்தைக் குறைத்து, ராஜா சத்தத்தைக் குறைத்து, இரண்டு பேருமாகச் சேர்ந்து நம்மை நடுங்க வைத்தார்கள். உங்கள் ஆப்பில் அந்தக் குறைந்த வெளிச்சம் கட்டம் கட்டமாக உடைந்து தெரிகிறது, அது தனி வருத்தம்.

சரி, எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும்.

இதையெல்லாம் ஒரு ரசிகனின் புலம்பல் என்று நீங்கள் ஒதுக்கலாம். ஒதுக்குவதற்கு முன்னால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். தமிழின் முதல் பேசும் படம் என்று நாம் கொண்டாடும் 1931ஆம் வருடத்துக் ‘காளிதாஸ்’ இன்று கிடையாது. அதாவது பழைய காலம், விடுங்கள். 1988இல் வெளிவந்த ‘வீடு’ படத்தின் நெகட்டிவே அழிந்துவிட்டது என்று பாலு மகேந்திரா தன் கடைசிக் காலம்வரை வருந்திக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட ஊரில், நீங்கள் ஒளிபரப்புகிற பிரதிதான் பலருக்கு ஒரே பிரதி. அதைத்தான் பதிவு செய்து இணையத்தில் ஏற்றுகிறார்கள், நாளைக்கு வருகிறவர்கள் அதைத்தான் பார்க்கப் போகிறார்கள். நீங்கள் வெட்டியது போக மிஞ்சியதே படம் என்று ஆகிவிடும். பாலசந்தர் தன் ஆட்களைத் திரைக்குக் கூப்பிட்டு நிறுத்தினார் என்று நான் சொன்னால், எங்கே காட்டு என்பார்கள்.

முழுப்படத்தைப் பார்க்க ஆள் இல்லை என்றும் சொல்லிவிட வேண்டாம். 1964இல் வந்த ‘கர்ணன்’ படத்தைச் சுத்தம் செய்து 2012இல் தியேட்டரில் விட்டார்கள். புதுப்படங்களோடு போட்டி போட்டு அது வாரக்கணக்கில் ஓடியது. மக்கள் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போனார்கள், மூன்று மணி நேரம் உட்கார்ந்துதான் பார்த்தார்கள்.

ஆகவே மரியாதையாகவே கேட்கிறேன். படத்தை முழுதாகப் போடுங்கள். பெயர் போடுவதில் இருந்து ‘வணக்கம்’ வரைக்கும். விளம்பரத்தைக் காட்சி முடிகிற இடத்தில் வையுங்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற இடத்தில் வேண்டாம். படத்தின் ஃப்ரேமைச் சீவாதீர்கள். கதைச் சுருக்கத்தைப் படம் பார்த்த ஒருவரிடம் கொடுத்து, முடிவைச் சொல்லாமல் எழுதச் சொல்லுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் நான் எழுதித் தருகிறேன், சம்பளம் வேண்டாம். ‘புதிய பறவை’யில் இருந்து ஆரம்பிக்கலாம், அதற்கு நீங்கள் வைத்திருக்கும் சுருக்கத்தையும் இன்று காலை பார்த்துவிட்டேன்.

என் ஆண்டுச் சந்தா அடுத்த மாதம் முடிகிறது. வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசினால், ஆப்பை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவிப் பாருங்கள் என்கிறார்கள். அது வேண்டாம், வேறு யாராவது பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
படம் முடியும்வரை எழுந்திருக்காத ஒரு சந்தாதாரர்