செயலாளர் ஆண்டறிக்கை: சில்லறைக் குருவிகளும் சந்தா பாக்கியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வராத உறுப்பினர்களே (இது நாளை வாட்ஸ்அப் குழுவிலும் வரும், அவர்களும் படிக்கட்டும்), அனைவருக்கும் வணக்கம்.

அறிக்கை இரண்டு பக்கத்துக்குள் இருக்கவேண்டும் என்று தலைவர் நினைவூட்டினார். முயன்றேன்.

நம் பறவைப் புகைப்பட மன்றத்தின் செயற்குழு இந்த ஆண்டு 4 முறை கூடியது. ஞாயிறு காலை நடைகள் 11 நடந்தன. 12ஆவது மழையில் நின்றது. பிப்ரவரியில் உலகம் முழுக்க 4 நாள் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் நாமும் சேர்ந்து, பார்த்ததையெல்லாம் இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினோம். மாணவர்களுக்கு இருநோக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தோம். ஆண்டுப் புகைப்படக் கண்காட்சி நன்றாக நடந்தது.

நன்றாக நடந்தது என்று எழுதிவிட்டேன், ஆனாலும் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். மாட்டியிருந்த 40 படங்களில் மீன்கொத்தி 9. பஞ்சுருட்டான் 6. தோகை விரித்த மயில் 3, அதில் இரண்டு ஒரே மயில். உள்ளங்கைக்குள் அடங்கும் பழுப்புக் குருவி ஒன்றே ஒன்று, அது என்னுடையது. அதைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள். கதவைத் திறந்துவைத்தால் படம் தெரியாது. இரண்டு நாளும் கதவு திறந்தே இருந்தது.

இது என் சொந்த வருத்தம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சென்ற ஆண்டுப் பொதுக்குழுவின் தீர்மானப்படி "சில்லறைக் கணக்கு" என்ற திட்டம் என் பொறுப்பில் தொடங்கியது. பெரிய, வண்ணமான பறவைகள் நோட்டு என்றால் இவை சில்லறை, அதனால் அந்தப் பெயர். அடையாளம் தெரியாத சின்னக் குருவியின் படம், எவ்வளவு மோசமாக இருந்தாலும், யார் வேண்டுமானாலும் பொதுக் கோப்புறைக்கு அனுப்பலாம். மாதம் ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து பெயர் தேடுவோம். எல்லோரும் என்றால் சராசரியாக 4 பேர்.

அந்த 4 பேருக்காக, டிசம்பர் நடையில் நடந்ததைப் பதிவு செய்கிறேன். தண்ணீரோரப் புதருக்குள் "டக், டக்" என்று நாக்கைத் தட்டுவதுபோல ஒரு சத்தம். ஆளைக் காணோம். இருபது நிமிடம் நின்றோம். ஒரு கிளை ஆடும். கேமராவைத் தூக்குவதற்குள் வேறு கிளை ஆடும். கடைசியில் ஒரே நொடி வெளியே வந்தது. எனக்கு அருமையான படம். பக்கவாட்டுத் தோற்றம், கண்ணில் வெளிச்சப் பொட்டு, 1/1250 நொடி, பின்னணி பட்டுத்துணிபோல. வால் மட்டும் இலைக்குப் பின்னால். பூட்டட் கதிர்க்குருவி என்று அன்று மாலையே குழுவில் போட்டேன். 23 கட்டைவிரல் வந்தன.

அன்று என் பக்கத்தில் நின்றவர் நம் மிக இளைய உறுப்பினர், கல்லூரி மாணவி. அவர் எதுவும் பேசவில்லை. மூன்று நாள் கழித்து ஒரு படம் அனுப்பினார். "சார், அழிச்சிடலாம்னு இருந்தேன். உதவுமா?" படத்தில் தலையே இல்லை. குருவி மேலே தாவும்போது கீழிருந்து எடுத்தது. வயிறும் வாலும்தான், அதுவும் கொஞ்சம் ஆடிப்போய். ஆனால் வாலின் அடிப்பக்கத்தை மூடும் இறகுகள் நீளமாக வாலோடு படிந்திருந்தன. வால் நுனி வளைந்திருந்தது. பூட்டட் குருவிக்கு அந்த இறகுகள் குட்டை; வால் நுனி ஏறக்குறைய சதுரம்; வாலோர இறகுகளில் வெளிறிய விளிம்பும் இருக்கும். ஆக, அது பிளித் நாணல் கதிர்க்குருவி. என் படத்தை மறுபடி பார்த்தேன். நீண்ட அலகு, சரிந்த நெற்றி, எல்லாம் அதிலேயே இருந்தன; கண்ணில் இருந்த வெளிச்சப் பொட்டை ரசித்துக்கொண்டிருந்ததில் நான்தான் கவனிக்கவில்லை. குழுவில் திருத்தம் போட்டேன். அதற்கு 2 கட்டைவிரல்.

ஆகவே எல்லோருக்கும் வேண்டுகோள்: கேமராவின் பின்திரையைப் பார்த்து அங்கேயே அழிக்காதீர்கள். முகம் நன்றாக வந்துவிட்டது என்று நிறுத்தவும் வேண்டாம். சிறகு மடிந்த முதுகுப்பக்கம் ஒன்று, வாலுக்கு அடியில் ஒன்று எடுக்கப் பாருங்கள். சிறகு மடிந்திருக்கும்போது அதன் நுனி மற்றச் சிறகு இறகுகளைத் தாண்டி எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதே பல கதிர்க்குருவிகளில் பாதி வழக்கைத் தீர்த்துவிடும். வெளிச்சத்தையும் நம்ப முடியாது. இலைக்கூட்டத்துக்குள் வரும் வெளிச்சம் பச்சையாக வரும். வெள்ளை வயிறு மஞ்சள்பச்சை ஆகிவிடும். கணினியில் கூர்மையை ஏற்றினால் சிறகில் இல்லாத கோடு முளைக்கும். இருக்கவேண்டிய கோடோ இறகு தேய்ந்து மறைந்திருக்கும். "வண்ணத்தைக் கொஞ்சம் தூக்கினேன், அவ்வளவுதான்" என்று சொல்லி அனுப்பப்பட்ட படங்களுக்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை.

படம் போதாத இடமும் உண்டு. குளிர்காலத்தில் வரும் இலைக் கதிர்க்குருவிகள் ஏறக்குறைய 10 கிராம்தான் இருக்கும். மர உச்சியில் இலைக்கு இலை தாவிக்கொண்டே இருக்கும். அவற்றில் பச்சைக் கதிர்க்குருவியையும் பெரிய அலகு கொண்டதையும் படத்தை வைத்துப் பிரிக்கப் போய் இரண்டு மாதக் கூட்டங்கள் வாக்குவாதத்தில் முடிந்தன. குரலைக் கேட்டிருந்தால் வாக்குவாதமே இல்லை. முன்னது சட்டென்று "சிலிப்" என்கும். பின்னது இரண்டு சுரமாக விசிலடிக்கும், இரண்டாவது சற்று மேலே ஏறும். ஃபோனில் பத்து நொடி பதிவு செய்தால் போதும். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கில்பர்ட் வைட் என்ற பாதிரியார், ஒன்றுபோலவே தெரிந்த மூன்று இலைக் கதிர்க்குருவிகளை வெவ்வேறு இனங்கள் என்று பாட்டை வைத்துத்தான் பிரித்தார். அவரிடம் 600 எம்எம் லென்ஸ் இல்லை. பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நானும் பார்க்கிறேன். அது தருவது யோசனைதான். "மெர்லின் சொல்லிடுச்சு" என்று கூட்டத்தை முடித்துவைக்க வேண்டாம்.

அப்புறம், கேமராவின் தேதி. ஓர் உறுப்பினரின் கேமராவில் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் ஜனவரி 1 என்று ஆகிவிடுகிறது. ஜூனில் எடுத்ததும் ஜனவரி 1தான். குளிர்கால விருந்தாளியா, ஆண்டு முழுக்க இருப்பதா என்று பார்க்கத் தேதிதான் பாதி விடை. அவரிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன்.

பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தையல்சிட்டு, தேன்சிட்டு, மாம்பழச்சிட்டு எல்லாம் சிட்டுக்குருவிக்குச் சொந்தக்காரர்கள் இல்லை. கதிர்க்குருவி என்ற ஒற்றைப் பெயருக்குள்ளோ வெவ்வேறு குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன. புதியவர்கள் குழம்பினால் சிரிக்காதீர்கள். சென்ற ஆண்டு சிரித்ததில் இருவர் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

விரும்பாமல் எழுதும் பகுதி இது. தையல்சிட்டு இலையின் ஓரங்களை அலகால் துளைத்து, நாரும் சிலந்தி நூலும் கொண்டு தைத்து, உள்ளே கூடு கட்டும். அப்படித் தைத்த இலை ஒன்றை ஓர் உறுப்பினர் நூல்கட்டி விலக்கிவைத்துக் குஞ்சுகளைப் படமெடுத்தார். இலை போனால் கூட்டுக்கு நிழலும் போகும், மறைவும் போகும். காகத்துக்கு வேறென்ன வேண்டும்? அந்தப் படத்தைக் கண்காட்சிக்கு ஏற்கவில்லை. கூடு கட்டும் காலத்தில் குரல் பதிவை ஒலிக்கவிட்டுக் குருவியை வரவழைப்பதும் கூடாது என்று முடிவெடுத்தோம். அந்த உறுப்பினர் அதன்பின் நடைக்கு வரவில்லை, சந்தாவும் வரவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று நான் விசாரிக்கவில்லை.

சந்தா என்றதும் நினைவுக்கு வருகிறது. உறுப்பினர்கள் 46. சந்தா கட்டியவர்கள் 19. "போன வருஷமே கட்டிட்டேனே" என்பவர்களுக்கு: ஆமாம், அது போன வருஷத்துக்கு. புதிய லென்ஸ் வாங்கிய படத்தைக் குழுவில் போட்ட அதே வாரத்தில், சந்தாவுக்கு "கொஞ்சம் பொறுங்க" என்று சொன்னவர்கள் இருவர். லென்ஸ் நல்ல லென்ஸ். வாழ்த்துகள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாக, வரவு சென்ற ஆண்டைவிடக் குறைவு, செலவு ஏறக்குறைய அதே அளவு. நடுவில் உள்ள இடைவெளி எப்படி நிரம்பியது என்ற விவரம் என் மனைவிக்குத் தெரியும். சில்லறைக் கணக்கின் 1,300 படங்களும் என் சொந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. நகல் கிடையாது. சென்ற மாதம் அது ஒருமுறை "கிரீச்" என்றது.

ஒரு மன்றத்தின் செயலாளருக்கு இவ்வளவு ஆதங்கம் ஏன் என்று கேட்கலாம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் மில்லார்ட் என்று ஒரு கௌரவச் செயலாளர் இருந்தார். தான் சுட்ட குருவி என்னவென்று தெரியாமல், அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சிறுவன் தயங்கித் தயங்கி அவரிடம் வந்தான். மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று பெயரை மட்டும் சொல்லி அவர் அனுப்பிவிடவில்லை. பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளை எல்லாம் காட்டினார். அந்தச் சிறுவன் சாலிம் அலி. செயலாளர்களைப் பற்றி வேறு யாரும் சொல்லப்போவதில்லை என்பதால் நானே சொல்கிறேன்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், அரங்கு தந்தவர்களுக்கும், படங்களை மாட்டிய தன்னார்வலர்களுக்கும் (கதவு விஷயம் தனி) நன்றி.

அடுத்த ஆண்டும் நானே தொடரவேண்டும் என்று சிலர் விரும்புவதாகத் தலைவர் சொன்னார். யார் யார் என்று கேட்டேன், சொல்லவில்லை. எனக்கும் கண் முன்போல இல்லை. நாணல் புதரில் அந்த மாணவிக்குத் தெரிவது எனக்கு மூன்று நொடி கழித்துத்தான் தெரிகிறது. திட்டத்தை அவர் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தால் பக்கத்தில் உட்கார்ந்து கோப்புகளுக்குப் பெயரிட்டுக் கொடுப்பேன். அவர் தேர்வு முடியட்டும் என்றார். சரி. அதுவரை இன்னும் 10 பேராவது படம் அனுப்பினால், அந்த ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு ஜோடி வாங்கச் சந்தாவும் வந்தால், நான் தொடர்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன். இதற்குள் பின்வரிசையில் எழுந்துகொண்டவர்களுக்கு ஒரு தகவல்: ரசீதுப் புத்தகத்துடன் பொருளாளர் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார். கதவு இன்று சாத்தியிருக்கிறது. படம் பின்னால் அப்படியே இருக்கிறது, போகும்போது பார்க்கலாம்.