ஒரு நிமிடம் என்று சொன்ன நேரங்கள்

ஆரப்பாளையம்,
மதுரை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. உன் மின்னஞ்சல் வந்து பத்து நாளாகிறது. ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பேரன் கணக்கு நோட்டோடு உன் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பது உன் குரலிலேயே தெரிந்தது, அதனால் விட்டுவிட்டேன். அலுவலகம் முடிந்து வந்து, சமைத்து, அவனைத் தூங்கவைத்த பிறகு இரவு பதினொரு மணிக்குமேல் கதை எழுத உட்கார்வதாகவும், மூன்று மாதத்தில் பன்னிரண்டு பக்கம்தான் ஆகியிருப்பதாகவும் எழுதியிருந்தாய். "வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்து, புத்தகம் படித்து, சினிமாவும் பார்த்து, ஏழு நாவல் எழுத உனக்கு எப்படிம்மா நேரம் கிடைத்தது?" என்றும் கேட்டிருந்தாய். கூட்டங்களில் இதைக் கேட்பவர்களுக்கென்று என்னிடம் ஒரு பதில் உண்டு. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்துவிடுவேன் என்று தொடங்கும் அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. என்றாலும் அதே வீட்டில் வளர்ந்த உன்னிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. நான் எழுதிய ஒவ்வொரு மணி நேரமும் வேறு ஒருவருடையதாக இருந்தது. யார் யாருடையது என்பதில் பாதி உனக்கே தெரியும். மீதியை எழுதிவிடுகிறேன்.

தொலைபேசி நிலையத்தில் நான் சேர்ந்தது 1979-இல். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் 180-ஐச் சுழற்றி டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு, அழைப்பு வரும்வரை இடத்தைவிட்டு நகராமல் காத்திருந்த காலம் அது. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று அவசரத்துக்கு ஏற்ற வகையும், வகைக்கு ஏற்ற கட்டணமும் உண்டு. தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, போர்டில் விளக்கு எரிந்ததும் இணைப்புக் கம்பியைச் சொருகி இணைப்புக் கொடுப்போம். மூன்று நிமிடம் ஆனதும் நடுவில் புகுந்து, மேலும் பேசுகிறீர்களா என்று கேட்போம். இரவுப் பணியில் பன்னிரண்டு மணிக்குமேல் விளக்குகள் அடங்கிவிடும். முதல் நாவலின் பெரும்பகுதியை அந்த நேரத்தில்தான் எழுதினேன். அது அந்த நேரத்தில் நான் தூங்கியிருக்கக்கூடிய தூக்கத்தின் கணக்கில் எழுதப்பட்டது என்பதால், முதல் கடன்காரி நானேதான்.

ஆனால் சொற்களை அங்கே யாரிடமிருந்து எடுத்தேன் என்பதை இதுவரை எந்த முன்னுரையிலும் எழுதியதில்லை. இணைப்புச் சரியாகக் கிடைத்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு மட்டுமே நாங்கள் காது கொடுக்கலாம். நான் அதற்கு மேலும் கேட்டிருக்கிறேன். சாவுச் செய்தி சொல்ல அழைத்தவர்கள் எவரும் எடுத்த எடுப்பில் அதைச் சொல்லிக் கேட்டதில்லை; மாடு கன்று போட்டதா, சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டதா என்று மூன்று நிமிடத்தில் இரண்டரை நிமிடத்தைக் கழித்துவிட்டு, நான் குறுக்கே புகும் நேரத்தில்தான், "அம்மா தவறிருச்சுடா" என்பார்கள். என் நாவல்களில் வரும் பேச்சு நன்றாக இருக்கிறது என்று யாராவது பாராட்டினால் எனக்கு அந்த ஹெட்செட்டின் அழுத்தம் காதில் தெரியும். ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' எழுதுவதற்காகத் தூத்துக்குடி உப்பளங்களுக்கே போய், அங்கே வேலை செய்யும் பெண்களோடு பேசிப் பழகினார். அவர்களுக்கு எதிரில் இருப்பவர் எழுத்தாளர் என்று தெரியும். என் காதில் விழப் பேசியவர்களுக்கு நான் கேட்டுக்கொண்டிருப்பதே தெரியாது.

அசோகமித்திரன் தியாகராய நகரில் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதினார் என்று படித்தபோது எனக்கு ஏற்பட்டது பொறாமை என்று சொன்னால் அவருடைய கஷ்டங்களைச் சிறுமைப்படுத்தியது போலாகிவிடும். இருந்தாலும் யோசித்துப் பார். 1988-இல் நான் மதுரையில் ஒரு பூங்கா பெஞ்சில் அட்டையும் தாளுமாகத் தனியே உட்கார்ந்திருந்தால், சாயங்காலத்துக்குள் அந்தச் செய்தி நான்கு தெரு தாண்டி உன் அப்பத்தாவிடம் வந்து சேர்ந்திருக்கும். ஆகவே எனக்குக் கிடைத்த இடம், அடுப்படிக்கும் பின்கட்டுக்கும் நடுவில் அரிசி டின் இருந்த மூலை.

அப்பத்தாவைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் எழுதுவது கதை என்பது தெரியும். அதைப் பக்கத்து வீட்டாரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, யாராவது என்னைத் தேடி வந்தால், "அவ ஆபீஸ் கணக்கு எழுதுறா, தொந்தரவு பண்ணாதீங்க" என்று வாசலிலேயே அனுப்பிவிடுவார். உன்னைக் குளிப்பாட்டியது, பள்ளிக்கு அனுப்பியது, தினமும் ஆட்டுக்கல்லில் மாவாட்டியது எல்லாம் அவர். முதல் நாவல் 1,200 பிரதி அச்சாகி, விலை 18 ரூபாய் வைத்து, பத்து சதவீத ராயல்டி மூன்று வருடம் கழித்து இரண்டு தவணையாக வந்தபோது, மேலே கொஞ்சம் பணம் போட்டு ஒரு கிரைண்டர் வாங்கினோம். அதைத்தான் அவர் சாகும்வரை "கதை கிரைண்டர்" என்று சொன்னார். அந்தக் கிரைண்டர் மிச்சப்படுத்திய ஒரு மணி நேரமாவது அவர் முழங்காலுக்குப் போயிருக்க வேண்டும். அதையும் நான் இரண்டாவது நாவலுக்கு எடுத்துக்கொண்டேன். பகலில் அவர் கூடுதலாகப் பார்த்துக்கொண்ட வேலைகளை எண்ணிப் பார்த்தால், என் புத்தகங்களில் அதிக நேரம் போட்டவர் அவர்தான்.

1993-இல் ஒரு வார இதழில் தொடர்கதை எழுதும் வாய்ப்பு வந்தது. உனக்கு அப்போது ஒன்பது வயது. வாரத்துக்கு ஓர் அத்தியாயம், ஃபுல்ஸ்கேப் தாளில் ஏழு பக்கம். ஓவியருக்குப் படம் போட அவகாசம் வேண்டும் என்பதால், எழுதாத காட்சியை எழுதியது போல முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். பிறகு படத்தில் கதாநாயகி மாடிப்படியில் நிற்கிறாள் என்பதற்காகவே கதையில் ஒரு மாடிப்படி கட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை மாலைக்குள் உறையை ஒட்டிக் கொடுத்தால், உன் அப்பா சைக்கிளை மிதித்துக்கொண்டு ரயில் நிலையத்து ஆர்.எம்.எஸ். என்ற ரயில் தபால் அலுவலகத்துக்குப் போய், சென்னைக்குப் போகும் இரவு வண்டித் தபாலில் சேர்த்துவிட்டு வருவார். செவ்வாய்க்கிழமைகளில் நம் வீட்டில் யாரும் என்னோடு பேசக் கூடாது. நீ நோட்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாய். நான் தலையைத் தூக்காமல் "ஒரு நிமிடம்" என்பேன். அந்த ஒரு நிமிடம் சில சமயம் முக்கால் மணி நேரம் நீளும். நீ அரிசி டின்னில் சாய்ந்தபடியே தூங்கிப்போவாய். மூன்று நிமிடம் ஆனதும் ஊரார் பேச்சில் குறுக்கிட்டு எச்சரித்தவள், வீட்டில் ஒரு நிமிடத்தின் நீளம் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமைதான் மின்கட்டணம் குறிக்க வந்தவர் வாசலில் நின்று, "பாப்பா, அம்மா இருக்காங்களா?" என்று கேட்டார். நீ உள்ளே எட்டி என்னைப் பார்த்துவிட்டு, அவரிடம், "உள்ளேதான் இருக்காங்க, ஆனா இல்லை" என்றாய். எனக்கு அது நன்றாகக் கேட்டது. எழுந்து வந்து உன்னைத் தூக்கிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது வேறு. நான் அந்த வாக்கியத்தை அப்படியே அத்தியாயத்தில் ஒரு சிறுமியின் வாயில் வைத்தேன், அன்றைய உறை ஆர்.எம்.எஸ்.ஸுக்குப் போய்விட்டது. வாசகர் கடிதங்களில் அந்த வரிக்குத்தான் பாராட்டு அதிகம்.

பத்து வருடம் கழித்துக் கல்லூரி விடுதியில் அந்த நாவலைப் படித்துவிட்டு நீ ஐந்து மாதம் என்னோடு பேசவில்லை. நேரத்தைக் கொடுக்காததைக்கூட நீ பெரிதுபடுத்தவில்லை. அதைப் பற்றி நீ சொன்ன ஒரே வார்த்தையையும் நான் எடுத்துக்கொண்டு, வேறு பெயர் போட்டு விற்றுவிட்டேன் என்றாய். அன்று நான் எழுத்தாளரின் உரிமை, அனுபவம், அது இது என்று நான்கு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதைக் கிழித்துப் போட்டிருப்பாய் என்று நம்புகிறேன். நீ சொன்னதுதான் சரி. இருபது வருடம் தாமதமாக எழுதுகிறேன்.

இதை இப்போது சொல்லக் காரணம் உன் மின்னஞ்சலின் கடைசிப் பத்தி. நீ கணினிக்கு முன் உட்கார்ந்திருந்தபோது பேரன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "அம்மா, இப்போ நீ ஆபீஸ்ல இருக்கியா, வீட்டுல இருக்கியா?" என்று கேட்டதாகவும், அந்த வரியைக் கதையில் வைத்துவிட்டதாகவும், நன்றாக வந்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். நன்றாகத்தான் வந்திருக்கும். அவனுக்கு எட்டு வயதுதான், கேட்டால் சரி என்றுதான் சொல்வான். ஆனாலும் அவனிடம் படித்துக் காட்டிவிட்டு அனுப்பு. நான் செய்யாததை உன்னைச் செய்யச் சொல்வதில் உள்ள சங்கடம் எனக்குத் தெரிந்தே இருக்கிறது.

சினிமாவைப் பற்றிக் கேட்டிருந்தாயே, அதில் மட்டும் நான் யாருக்கும் பாக்கி வைக்கவில்லை. இரவுப் பணி இல்லாத சனிக்கிழமைகளில் உன்னைத் தூங்கவைத்துவிட்டு அப்பாவும் நானும் தங்கம் தியேட்டருக்கு இரண்டாம் ஆட்டம் போவோம். 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்த அந்த அரங்கில் 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகள். கூட்டம் குறைவாக இருக்கும் நாளில் திரையில் பேசுவது பின்சுவரில் பட்டுத் திரும்பி வருவது போல இருக்கும். அதை இடித்தபோது நான் அந்தப் பக்கமே போகவில்லை.

ஆனால் எனக்குப் பாடமாக இருந்தது படங்களைவிட, வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததுதான். இரவு ஒன்றரை மணிக்குக் கதவைத் தட்டினால் அப்பத்தா கட்டிலில் விழித்தபடி உட்கார்ந்திருப்பார். "என்ன கதை?" என்பார். உன் அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டில் காலடியில் உட்கார்ந்து சொல்லத் தொடங்குவார். பாட்டையும் சண்டையையும் விட்டுவிடுவார். எந்தப் பாத்திரம் எதை யாரிடம் மறைக்கிறது என்பதை மட்டும் வரிசை தவறாமல் பிடித்துக்கொண்டு, இரண்டே முக்கால் மணி நேரப் படத்தை இருபது நிமிடத்தில் சொல்வார். அப்பத்தா நடுவில் "அப்ப அவளுக்குத் தெரியாதா?" என்று கேட்ட இடங்களிலெல்லாம் கதை சரியாகக் கட்டப்பட்டிருக்கும், அவர் கொட்டாவி விட்ட இடங்களில் இயக்குநர் தடுமாறியிருப்பார். என் அத்தியாயங்களை முடித்ததும் நான் இன்றும் அப்பத்தா எங்கே கொட்டாவி விடுவார் என்று பார்த்துத்தான் அடிக்கிறேன், திருத்துகிறேன். உன் அப்பா என் நாவல் எதையும் முழுதாகப் படித்ததில்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான். எனக்கு அதில் வருத்தமில்லை. அவர் கதை சொல்லும் ஆள், படிக்கும் ஆள் இல்லை.

புத்தகங்களைப் பேருந்தில் படித்தேன், வேறு எங்கே. இப்போது அவசரமில்லாமல் படிக்கிறேன். நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு வாரம் இரண்டு நாள் போகிறேன். ஓய்வு பெற்று ஏழு வருடமாகியும், எழுதுவது என்னவோ பழையபடி காலை நாலரைக்கும் ஆறரைக்கும் நடுவில்தான். பகலில் நேரம் கொட்டிக் கிடக்கும்போது ஒரு வரிகூட ஓடுவதில்லை. நீ கணினியில் போட்டுக்கொடுத்த தமிழ்99 விசைப்பலகை இப்போது கைக்கு வந்துவிட்டது. எட்டாவது நாவல் நூற்றுப் பதினைந்து பக்கத்தில் நிற்கிறது.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் அனுப்புகிறேன். போன மாதம் நம் தெருமுனைப் பழைய பேப்பர் கடையில், தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த புத்தகக் கட்டு ஒன்று கிடந்தது. எடுத்துப் பார்த்தால் என்னுடைய 1993 தொடர். யாரோ ஒரு பெண் வாரம் தவறாமல் சேர்த்து, சாக்குத் தைக்கும் நூலால் தைத்து, சேலைத் துண்டால் அட்டை போட்டிருக்கிறாள். எடை போட்டு முப்பது ரூபாய் என்றார் கடைக்காரர். ஓரங்களில் பென்சிலால் பால் கணக்கு: ஒன்றரை, ஒன்றரை, இரண்டு, விருந்தாளி என்று. பதினேழாம் அத்தியாயத்தில், உன் வாக்கியம் வரும் பக்கத்தில், பால் கணக்கு இல்லை; அந்த வரிக்கு நேரே ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறாள். அவளை எனக்குத் தெரியாது. அவள் வீட்டில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது யார் என்றும் தெரியாது. இந்தப் பிரதி உன்னிடம் இருக்கட்டும்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். பேரனுக்குக் கடலை மிட்டாயும், உனக்கு இட்லிப் பொடியும் வைத்திருக்கிறேன். பொடி இந்த முறை காரம் கூடிவிட்டது, எண்ணெய் தாராளமாக ஊற்றிக்கொள். வியாழக்கிழமை நானும் அப்பாவும் ஒரு படத்துக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை அவர் உனக்கு அந்தக் கதையைச் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். படத்தில் மகள் கடைசிவரை வீட்டுக்குத் திரும்புவதில்லை. அவர் நேற்று எனக்குச் சொல்லிப் பார்த்தபோது, அவள் பொங்கலுக்கு வந்துவிட்டாள். நீ படத்தைப் பார்த்திருந்தாலும் பார்க்காதது போலவே கேட்டுக்கொள்.

அன்புடன்,
அம்மா