கண்புரை படலம் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

கண்புரை என்றாலே 'கண்ணில் வளரும் படலம்' என்று எழுதுவது நாளிதழ்களில் வழக்கமாகிவிட்டது. படலத்தைக் கரைப்பதாகச் சொல்லும் சொட்டு மருந்து விளம்பரங்களுக்கு இந்தச் சொல்தான் மூலதனம். உண்மையில் அங்கே எதுவும் படர்வதில்லை. கண்ணின் லென்ஸுக்குள் ஏற்கெனவே இருக்கும் புரதங்கள் ஒன்றோடொன்று பழகும் விதம் மாறுவதே புரை.

லென்ஸின் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கிரிஸ்டலின் எனப்படும் புரதங்கள்: ஆல்ஃபா, பீட்டா, காமா என மூன்று வகை. இத்தனை நெருக்கத்திலும் அவை சீராகப் பரவியிருப்பதால் ஒளி தடையின்றிப் போகிறது. ஓரிடம் அடர்ந்து, ஓரிடம் நீர்த்து, அந்தத் திட்டுகள் ஒளியின் அலைநீள அளவுக்குப் பெருத்தால் ஒளி சிதறிப் பால்போல் வெளுக்கும்.

ஆய்வகத்தில் இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். இளங்கன்றின் லென்ஸை உறை கிழியாமல் எடுத்து, 0.9 சதவீத உப்புக்கரைசலில் இட்டுக் குளிர்வித்தால், சுமார் 17 டிகிரி செல்சியஸில் அதன் நடுப்பகுதி வெளுக்கத் தொடங்கும். வெதுவெதுப்பாக்கினால் தெளிந்துவிடும். வெறும் நீரில் இடக்கூடாது. நீரை உறிஞ்சி உப்பிவிடும். உறைய விட்டால் பனிக்கட்டி லென்ஸின் இழைகளைக் கிழிக்கும், அந்த வெண்மை போகாது. மார்கழித் தேங்காயெண்ணெய் நினைவுக்கு வரலாம். ஆனால் எண்ணெய் உறைகிறது. இங்கே ஒரே திரவம், புரதம் மிகுந்ததும் குறைந்ததுமாக இரு திரவங்களாகப் பிரிகிறது.

காரணம் காமா புரதங்களுக்கிடையே உள்ள ஈர்ப்பு. உடல் சூட்டில் மூலக்கூறுகளின் ஓட்டம் அதை மீறி நிற்கும். குளிரில் ஈர்ப்பின் கை ஓங்கும். ஆல்ஃபாவுக்கும் காமாவுக்கும் இடையிலான மெல்லிய ஈர்ப்பு இரண்டையும் கலந்தே வைத்திருக்கிறது. அது அறவே இல்லாவிட்டாலும் பிரியும், மிகுந்தாலும் பிரியும் என்பது கணினி மாதிரிகள் காட்டிய விசித்திரம்.

புரை வர, புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று மாறினால் போதும். காமா வகையில் ஒன்றான காமா-டி புரதத்தின் 23ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதில் திரியோனின் வந்தால் குழந்தைக்குப் பிறவிப் புரை. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2002இல் வெளியான ஆய்வு, ஓர் இந்தியக் குடும்பத்தில் இதைக் காட்டியது. அந்தப் புரதத்தின் மடிப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, கரைதிறன்தான் சரிந்துவிடுகிறது.

முதுமைப் புரை, குளிரில் வெளுத்த கன்றின் லென்ஸைப் போலத் தெளிவதில்லை. லென்ஸின் மையத்துப் புரதங்கள் புதுப்பிக்கப்படுவதே இல்லை. பல பத்தாண்டுகளில் அவை ஆக்சிஜனேற்றமடைந்து, கந்தகப் பிணைப்புகளால் கோத்துக்கொள்கின்றன. சிதையும் புரதங்களைத் தாங்கிப்பிடிக்கும் ஆல்ஃபாவும் தீர்ந்துபோகிறது. வெந்த முட்டையின் வெள்ளைக்கரு ஆறினால் தெளியுமா?

2015இல் லானோஸ்டெரால் என்ற வேதிப்பொருள் முயலிலும் நாயிலும் புரையைக் குறைத்ததாகச் செய்தி வந்தது. அறுவைசிகிச்சையில் எடுத்த மனிதப் புரைகளை அதில் ஊறவைத்துப் பார்த்தபோது தெளியவில்லை. எனவே சொட்டு மருந்துச் செய்தியை அச்சிடுமுன், சோதித்தது குளிரில் வெளுத்த கன்றின் லென்ஸிலா, புரையை வரவழைக்கச் செலினைட் என்ற வேதிப்பொருளை ஊசியில் போட்ட எலிக்குஞ்சிலா, எழுபது வயது மனிதக் கண்ணிலா என்று கேட்டு, அதையும் தலைப்புக்கு அருகிலேயே போடுங்கள்.

– உயிர்வேதியியல் ஆசிரியர்கள், மதுரை