“எழுத வைக்கச் சொன்னால் ஊஞ்சலில் ஏற்றுகிறீர்களே?”: பெற்றோருக்கு ஒரு மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பள்ளி திறந்த ஜூன் மாதத்தில் எங்களிடம் வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: “எழுத மாட்டேங்கிறான், மிஸ் தினமும் டைரியில எழுதி அனுப்புறாங்க.” இரண்டு வாரம் தெரபிக்கு வந்தபின் அதே பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்பதுதான் மேலே தலைப்பில் இருக்கிறது. நியாயமான கேள்வி. விவரமாகவே பதில் சொல்கிறோம்.

ஆக்குபேஷனல் தெரபி (சுருக்கமாக ஓ.டி.) என்பதைத் தமிழில் ‘தொழில்வழி சிகிச்சை’ என்கிறார்கள். அதைக் கேட்டு, தையல் மெஷின் கற்றுத் தருவோமா என்று விசாரித்தவர்களும் உண்டு. குழந்தையின் தொழில் சாப்பிடுவது, சட்டை போடுவது, விளையாடுவது, எழுதுவது. அவற்றில் எது தடைபடுகிறது, உடலின் எந்த இடத்தில் தடைபடுகிறது என்று பார்ப்பதே ஓ.டி.யின் வேலை.

எழுத்துக்காக வரும் குழந்தையின் விரலை நாங்கள் கடைசியில்தான் பார்ப்போம். முதலில் பார்ப்பது பாதத்தை. கால் தரையில் படாமல் தொங்கினால் இடுப்பு முன்னால் சறுக்கும், முதுகு வளையும், தலையைத் தாங்க இடது கை கன்னத்துக்குப் போய்விடும். நோட்டைப் பிடிக்க ஆளில்லை. அது நகர்ந்துகொண்டே இருக்கும், வரி கோணும். அடுத்து, குப்புறப் படுத்து நெஞ்சு, கை, கால் எல்லாவற்றையும் தூக்கச் சொல்வோம். 6 வயதுக் குழந்தை ஏறக்குறைய 20 நொடி அப்படி இருக்க முடியும். 4, 5 நொடியில் தொப்பென்று விழுகிற குழந்தைக்கு முதுகிலும் கழுத்திலும் தாங்கும் பலம் போதவில்லை. அந்தக் குழந்தை அரைப் பக்கத்துக்கு மேல் எழுதாததை ‘சோம்பேறித்தனம்’ என்பது தவறு.

ஊஞ்சல் இங்கேதான் வருகிறது. பலகை ஊஞ்சலில் குப்புறப் படுக்கவைத்து, கயிற்றை இழுத்துத் தானே ஆடச் செய்து, முன்னால் இருக்கும் கூடையில் மணல்பையைப் போடச் சொல்கிறோம். ஆட்டம் உள்காதின் சமநிலைப் புலனைத் தூண்ட, கழுத்தும் முதுகும் நிமிர்ந்து வேலை செய்கின்றன. கயிறு இழுப்பதில் தோள் உறுதிப்படுகிறது. இந்தப் புலன் ஒருங்கிணைப்பு முறைக்கு அடித்தளம் இட்டவர் அமெரிக்க ஓ.டி. தெரபிஸ்ட் ஜீன் ஏயர்ஸ். இதைப் பார்த்துவிட்டு வீட்டில் ஊஞ்சல் மாட்டிச் சுழற்றாதீர்கள். முகம் வெளுப்பது, வியர்ப்பது, குமட்டுவது எல்லாம் அளவு மீறியதற்கான அறிகுறிகள். சில குழந்தைகளுக்கு அவை ஆட்டம் நின்று சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். வலிப்பு வந்த வரலாறு இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பென்சிலுக்கு வருவோம். மூன்று விரலால் பிடித்து விரல்களை மட்டும் அசைத்து எழுதும் பிடி, நாலரைக்கும் 6 வயதுக்கும் இடையில்தான் பல குழந்தைகளுக்குக் கைகூடும். வடிவங்களும் அப்படித்தான்: வட்டம் 3 வயதில், கூட்டல் குறி 4-ல், சதுரம் நாலரையில், முக்கோணம் 5-ஐத் தாண்டி. சாய்கோடே போடவராத எல்.கே.ஜி. குழந்தையிடம் ‘இ’ எழுதச் சொன்னால் அது அழத்தான் செய்யும். சுழி, வளைவு, திரும்பி வரும் கோடு மூன்றும் அந்த ஓர் எழுத்தில் இருக்கின்றன. ட, ப என நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்குங்கள். புள்ளிகளை இணைக்கும் பயிற்சித்தாளை நாங்கள் விரும்புவதில்லை. குழந்தை அடுத்த புள்ளியைத் தேடுகிறதே தவிர எழுத்தின் ஓட்டத்தைப் பிடிப்பதில்லை.

ரப்பர் பந்து அமுக்கவைப்பதும், பென்சிலில் மாட்டும் ‘கிரிப்’ வாங்குவதும் பலர் வீட்டில் செய்பவை. பிடி பலம் குறைவுதான் பிரச்சினை என்றால் பந்து உதவும். பெரும்பாலும் அது பிரச்சினை இல்லை. கிரிப் விரலின் இடத்தை மாற்றும், தோளை ஒன்றும் செய்யாது. அதைவிடப் பென்சிலையே 3 செ.மீ. துண்டாக்கிக் கொடுங்கள். அதில் மூன்று விரலுக்கு மேல் இடமிருக்காது.

உட்காரும் இடத்துக்குச் செலவே வேண்டாம். முழங்கையை மடக்கி உட்கார்ந்தால் மேசை விளிம்பு அதற்கு 5 செ.மீ. மேலே இருக்கட்டும். கால் எட்டாவிட்டால் மணைப்பலகையோ, கட்டிவைத்த பழைய செய்தித்தாளோ போடுங்கள். தடிமனான பாக்ஸ் ஃபைலைப் படுக்கப்போட்டால் சரிவு கிடைக்கும். பழைய கணக்குப்பிள்ளை மேசையின் சாய்வு இதுதான். மணிக்கட்டு தானாகப் பின்னால் மடியும், பிடி இலகுவாகும்.

விரலுக்குப் பல்லாங்குழி மாதிரி ஒரு கருவியை எந்தக் கம்பெனியும் விற்கவில்லை. 5 புளியங்கொட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அதே கையின் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக விரல்நுனிக்குத் தள்ளிக் குழியில் போட வேண்டும். மறுகை உதவினால் பயிற்சி வீண். எதையும் வாயில், மூக்கில் போடும் வயதென்றால் இது வேண்டாம். கத்தரிக்கோல் பழக, தொளதொள தாளைவிடப் பழைய கல்யாணப் பத்திரிகை நல்லது, மடங்காமல் நிற்கும். ஈரத்துண்டைப் பிழிவதும், சப்பாத்தி தேய்ப்பதும் தோளுக்கு. நாளுக்கு 15 நிமிடம் போதும். ஞாயிறன்று சேர்த்து 2 மணி நேரம் செய்வதில் பயனில்லை.

கையில் ஸ்ப்ளிண்ட் (கையைச் சரியான நிலையில் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை) போடும் குழந்தைகளின் பெற்றோருக்கு மட்டும்: அந்தப் பிளாஸ்டிக் வெந்நீரில் இளகி வடிவெடுப்பது. வெயிலில் நிற்கும் காரில் விட்டால் வளைந்துவிடும். குளிர்ந்த நீரில்தான் கழுவ வேண்டும். கழற்றியபின் 20 நிமிடத்தில் மறையாத சிவப்புத் தழும்பு இருந்தால் மீண்டும் மாட்டாமல் எங்களைக் கூப்பிடுங்கள்.

தகுதி பற்றியும் கேட்கிறார்கள். எங்கள் தெரபிஸ்டுகள் படித்தது பி.ஓ.டி. என்னும் ஆக்குபேஷனல் தெரபி இளநிலைப் பட்டம்: நாலாண்டுப் படிப்பும் ஆறு மாதப் பயிற்சியும். உடற்கூறியல், நரம்பியல், குழந்தை வளர்ச்சி எல்லாம் அதில் உண்டு. எந்த மையத்துக்குப் போனாலும் பட்டச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளருக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கும், ஓ.டி. அந்தப் பட்டியலில் வராத துறை. ஆகவே ஓ.டி.யிடம் அந்த எண் இல்லையென்று சந்தேகப்படவும் வேண்டாம், ஆர்.சி.ஐ. பதிவு அட்டையைக் காட்டி “ஓ.டி.யும் நானே பார்க்கிறேன்” என்பவரை நம்பவும் வேண்டாம். 2021-ல் வந்த துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் ஓ.டி.யையும் உள்ளடக்கியது.

100 அமர்வுக்கு முன்பணம் வாங்குவதில்லை. “எழுத்து நன்றாக வேண்டும்” என்பதை இலக்காகவும் எழுதுவதில்லை. “பள்ளி டைரியின் 4 வரிகளை, இடையில் எழுந்திருக்காமல், 10 நிமிடத்துக்குள்” என்று எழுதுவோம். 12 வாரத்தில் நகரவே இல்லையென்றால் எங்கள் கணிப்புதான் தவறு. மறுபடி சோதிப்போம், தேவைப்பட்டால் கண் மருத்துவரிடமோ கற்றல் குறைபாட்டு மதிப்பீட்டுக்கோ அனுப்புவோம்.

அமர்வு 45 நிமிடம். கடைசி 10 நிமிடம் உங்களுக்கானது. அப்போது டிரைவரோ பக்கத்து வீட்டு அக்காவோ வந்து நின்றால் வீட்டுப்பயிற்சியை யாரிடம் காட்டுவது? சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்து அழைத்து வாருங்கள். அடுத்த முறை வரும்போது பள்ளி நோட்டும், வீட்டில் எழுதுவதைப் பக்கவாட்டில் நின்று எடுத்த 2 நிமிட வீடியோவும் வேண்டும். அதில் கால் தெரியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஓ.டி. பிரிவினர்