எல்லாமே மூலம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செவ்வாய்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற வேலை எனக்கு. நாள் முழுக்க நெருப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்போம். ஆசனவாய் ஓரத்தில் அரிப்பெடுத்து, கழுவும்போது லேசாக ரத்தம் பட்டதும் பட்டறையில் எல்லாரும் சொன்னது, "சூட்டு உடம்பு, மோர் குடிப்பா" என்பதுதான். மூலம், பௌத்திரம் என்று போர்டு வைத்த ஒரு கிளினிக்குக்குப் போனேன். அங்கே இடத்தைப் பார்க்காமலேயே மூலம் என்று களிம்பு கொடுத்தார்கள். மாதக்கணக்கில் தடவியும் அடங்கவில்லை. பூக்கோசு மாதிரி கொத்தாகப் பெருகியது.

எனக்கு எச்.ஐ.வி. உண்டு. பல வருடமாகக் கூட்டு மருந்து சாப்பிடுகிறேன், வைரஸ் நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறது. பிறகு பார்த்த சர்ஜனிடம் இதைச் சொன்னதும், அவர் கையுறை போட்டு விரலால் சோதித்தார், சின்னக் குழாய் வைத்து உள்ளேயும் பார்த்தார். மூலமே இல்லை, மரு. அதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார். புற்றுநோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது.

இந்த மரு எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. பெரும்பாலும் 6, 11 என்ற வகைகள்தான் காரணம், அவை அநேகமாகப் புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் 16-ஆம் வகையும் கூடவே இருக்கலாம். ஆசனவாய்ப் புற்றுநோயில் பெரும்பங்கு அதனால்தான் வருகிறது. பொதுவாக அபூர்வமான இந்தப் புற்றுநோய், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டாலும் அந்த ஆபத்து முழுசாகப் போய்விடாது. எங்களைப் போன்றவர்களுக்கு மரு வந்தால் களிம்போடு விடாமல் சதையெடுத்துப் பார்க்க வேண்டும் என்பது அதனால்தான்.

அமெரிக்காவில் எச்.ஐ.வி. உள்ள 35 வயதைக் கடந்த 4,400-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2022-இல் வெளியானது. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தைக் கண்டுபிடித்து அப்போதே அகற்றினால், புற்றுநோய் வருவது பாதிக்கும் மேல் குறைகிறது என்று அதில் தெரிந்தது. அதற்கான கருவியும் பயிற்சியும் எல்லா ஊருக்கும் உடனே வராது, சரி. கையுறை போட்ட விரல் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிறதே! எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கும் மையத்தில் சி.டி.4 என்ற எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள், எடை பார்க்கிறார்கள், சளி இருமல் உண்டா என்று தவறாமல் கேட்கிறார்கள். என் மனைவியைக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், அதற்கு நன்றி. ஆனால் "கீழே கட்டி, அரிப்பு, ரத்தம் ஏதாவது உண்டா?" என்று என்னை யாரும் கேட்டதில்லை. நாமாகச் சொல்ல நாக்கு எழாது. அவர்கள் கேட்டால் சொல்லிவிடுவோம்.

ஆணுக்கு இது வந்தால் அவனை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். ஆணோடு உறவுள்ள ஆண்களுக்கு இது அதிகம் என்பது உண்மைதான். பெண்களுக்கும் வரும், அந்த வழியில் உறவே இல்லாதவர்களுக்கும் வரும். யாருக்கு வந்தாலும் வைத்தியம் பார்க்கத்தானே வேண்டும்? எச்.ஐ.வி. இருக்கிறது என்று சொன்னால் விரட்டிவிடுவார்களோ என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். அப்படி விரட்டுவதை 2017-ஆம் வருட எச்.ஐ.வி. சட்டம் தடை செய்கிறது. சேலத்தில் மூலத்துக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பார்க்காமல் களிம்பு கொடுப்பதையும் அவர்கள் நிறுத்த வேண்டும்.

இன்னொன்று. மாத்திரை வாங்கும் வரிசையில் எங்களோடு நிற்கும் சின்னப் பிள்ளைகளும் உண்டு. பிறவியிலேயே எச்.ஐ.வி. வந்த பிள்ளைகள். ஏற்காட்டு எஸ்டேட்டில் வேலை செய்கிற பாட்டியோடு ஒரு பெண் பிள்ளை வரும். எச்.பி.வி. தடுப்பூசி, எச்.பி.வி. தொற்றுவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன் தரும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு முடிந்தால் மூன்று தவணை போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டிலேயே தயாராகும் ஊசியை 9 வயதிலிருந்து 26 வயதுவரை ஆண், பெண் இருவருக்கும் போடலாம். மாத்திரை கொடுக்கும் அதே மையத்தில், ஆண் பிள்ளை பெண் பிள்ளை என்று பிரிக்காமல், அதை இலவசமாகப் போட மாநில அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
செவ்வாய்பேட்டை, சேலம்.