கவரில் போட்டுக் கொடுக்காதீர்கள்: கொங்கு நாட்டு டூர் ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க.

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், பொள்ளாச்சி, கோபி என்று நம்ம பக்கத்து ஊர்களில் ஆள் சேர்த்து, தாய்லாந்துக்கும் மலேசியா சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் கூட்டிக்கொண்டு போகிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் ஹோட்டல் பற்றியோ சாப்பாடு பற்றியோ எனக்கு ஒரு குறையும் இல்லை. நாற்பது பேரைக் கூட்டிப்போய், பாங்காக்கில் காலையில் அவர்களுக்கு இட்லி கிடைக்க வைப்பது எவ்வளவு பாடு என்று தெரியும். நான் பேச வந்தது ஒரே விஷயம், போகிறவர்கள் கையில் நீங்கள் கொடுத்து அனுப்பும் வெளிநாட்டுப் பணம்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். பையர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கும் டாலரும் யூரோவும் வாங்கிக் கொடுப்பது, திரும்பி வந்ததும் மிச்சத்தைக் கணக்கில் கொண்டுவருவது எல்லாம் என் மேசையில்தான் நடக்கும். எங்களிடம் பில் இல்லாமல் ஒரு டாலர்கூட நகராது, ஆடிட்டர் விடமாட்டார். ஆனால் அதே ஊரில், முதல் தடவையாகப் பாஸ்போர்ட் எடுத்து டீலர் டூர் போகிற சிமெண்ட் கடைக்காரர், தறி வைத்திருப்பவர், ரிட்டயர்டு வாத்தியார், தோப்பை மகன் கையில் விட்டுவிட்டு வாழ்க்கையில் ஒரு தடவையாவது விமானம் ஏறிப் பார்க்கலாம் என்று கிளம்புகிற பொள்ளாச்சிக்காரர், இவர்களுக்கெல்லாம் கிடைப்பது ஒரு கவர். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோமுங்க, நீங்க பணத்த மட்டும் கட்டுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

என் பெரியப்பாவும் பெரியம்மாவும் காங்கேயத்திலிருந்து அப்படித்தான் போனார்கள். ஊரில் ரூபாயாக வாங்கிக்கொண்டு, விமான நிலைய வாசலில் ஒரு பையன் பெயர் எழுதிய கவரை நீட்டியிருக்கிறான். உள்ளே தாய்லாந்துப் பணம் 20,000 பாத், 300 டாலர், ஒரு துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதிய கணக்கு. பில் கிடையாது, என்ன விலைக்கு மாற்றினார்கள் என்றும் அதில் இல்லை. பட்டாயாவில் டாலரை மாற்றப் போனபோது, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் மூன்று நூறு டாலர் நோட்டில் ஒன்றை மட்டும் எடுத்து, விளக்கில் காட்டி, ஓரத்தில் இருந்த நீல முத்திரையை விரலால் தொட்டுக் காட்டி, பேசாமல் திருப்பித் தள்ளிவிட்டாள். அடுத்த கடையிலும் அதே கதை. பெரியம்மா எனக்குப் போன் போட்டு, "ஏங்கண்ணு, இது கள்ள நோட்டாட்ட இருக்குதா, போலீசுக்குப் புடிச்சுக் குடுத்துருவாங்களா" என்று கேட்ட குரலில் இருந்த பயத்துக்காகத்தான் இந்த மடலே. அது நல்ல நோட்டுத்தான். அமெரிக்க அரசைப் பொறுத்தவரை அதற்கு முழு மதிப்பு உண்டு. தென்கிழக்கு ஆசியாவில் பல மாற்றுக் கடைகளில் முத்திரை விழுந்த நோட்டு, பேனாக் கிறுக்கல் உள்ளது, ஓரம் கிழிந்தது, 1996-க்கு முந்தைய சின்னத் தலை போட்ட நூறு டாலர் இதையெல்லாம் வாங்கமாட்டார்கள், வாங்கினாலும் விலையைக் குறைப்பார்கள். அதை அவர்களிடம் முன்னாடியே யாராவது சொல்லியிருக்க வேண்டும். திரும்பி வந்து கேட்டதற்கு, "நாங்க குடுத்த நோட்டு இது இல்லீங்க, அங்கதான் மாறியிருக்கும்" என்று பதில் வந்தது. பில் இல்லை, அதற்கு மேல் என்ன பேசுவது? நோட்டு பெரியப்பா பீரோவில் கிடக்கிறது.

இந்த பில் விஷயத்தை நீங்கள் சாதாரணமாக நினைக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1999-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற வங்கியோ மணி எக்ஸ்சேஞ்ச் கடையோ தவிர வேறு யாரிடமும் இங்கே வெளிநாட்டுப் பணத்தை வாங்கவோ விற்கவோ கூடாது. மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போட இடமிருக்கிறது. விற்ற உங்களோடு, வாங்கிய என் பெரியப்பாவும்தான் மாட்டுவார். சுங்கத்தில் நிறுத்தி "இந்த டாலர் எங்கே வாங்கினது" என்று கேட்டால் அவர் எதைக் காட்டுவார், அந்தத் துண்டுச் சீட்டையா? பில் போட்டால் ஜிஎஸ்டி வருமே என்று உங்களில் ஒருவர் என்னிடமே சொன்னார். சரி, எவ்வளவு வரும்? ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் மாற்றும் தொகையில் ஒரு சதவீதத்தை மதிப்பாக வைத்து, அதன்மேல் 18 சதவீதம். 50,000 ரூபாய்க்கு மாற்றினால் 500 ரூபாய் மதிப்பு, வரி 90 ரூபாய். இந்தத் தொண்ணூறு ரூபாயை மிச்சம் பிடிக்கவா ஒரு வயதானவரைப் பில் இல்லாமல் அனுப்புவது?

மிச்சம் பிடிப்பது அதில் இல்லை, விலையில் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஒரு பாத்துக்குப் பத்துப் பைசா கூட்டி வைத்தால் 20,000 பாத்துக்கு 2,000 ரூபாய், நாற்பது பேர் என்றால் 80,000 ரூபாய். பத்துப் பைசாவை யாரும் கேட்கவும் மாட்டார்கள், கேட்டாலும் "இன்னைக்கு ரேட் ஏறிடுச்சுங்க" என்றால் நம்பிவிடுவார்கள். உரிமம் பெற்ற கடையில் இது இவ்வளவு லேசாக நடக்காது, ஏனென்றால் வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் காலை 10.30 மணிக்குள் கவுண்டர் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதி வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி போட்ட விதி. அந்தப் பலகையை நம் ஆட்கள் தங்கள் கண்ணால் ஒரு தடவை பார்க்கட்டும். உங்கள் உழைப்புக்குக் கூலி வேண்டும் என்றால் சர்வீஸ் சார்ஜ் என்று வெளிப்படையாகப் போடுங்கள், நம்ம ஊர்க்காரர் கொடுப்பார். விலைக்குள் ஒளித்து எடுக்காதீர்கள்.

இன்னொன்று, மொத்தக் கூட்டத்தின் பணத்தையும் டூர் மேனேஜர் ஒருத்தர் பையில் போட்டுக்கொண்டு போவது. தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், துபாய் மாதிரியான இடங்களுக்கு ஒரு ஆள் ஒரு பயணத்தில் நோட்டாக எடுத்துப் போகக்கூடியது 3,000 டாலர் மதிப்புக்குத்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால், வெளிநாட்டுப் பணத்தை முன்னாடியே போட்டு வைக்கிற ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றிக்கொள்ளலாம், அதற்குத் தடை இல்லை. நாற்பது பேர் பணம் ஒரே பையில் இருந்து, அந்தப் பையைச் சோதனையில் திறந்தால், அந்த மேனேஜர் தம்பி மாட்டுவதோடு நிற்காது, நாற்பது பேருடைய டூரும் அங்கேயே நின்றுவிடும். சிங்கப்பூருக்குள் 20,000 சிங்கப்பூர் டாலருக்கு மேல் கொண்டுபோனால் அங்கேயும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதே மாதிரி, வீட்டுக்காரர் கையில் மொத்தத்தையும் கொடுத்துவிட்டு அம்மணிகளை வெறும் கையோடு வரிசையில் நிற்க வைப்பதையும் விடுங்கள். பாங்காக் விமான நிலையத்தில் எல்லோரையும் கேட்பதில்லை, ஆனால் கேட்டால் ஒருவருக்கு 20,000 பாத் மதிப்புக்குப் பணம் காட்டச் சொல்லலாம், குடும்பமாக என்றால் 40,000. வரிசையில் அவர் ஒரு கவுண்டருக்கும் இவர் ஒரு கவுண்டருக்கும் பிரிந்துவிடுவார்கள். ஆங்கிலமும் தெரியாமல், கையில் ஒரு நோட்டும் இல்லாமல், புருஷன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்ட பிறகு அங்கே நிற்கிற பெண்ணின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அவரவர் பாஸ்போர்ட்டுக்கு அவரவர் பெயரில் பணம் வாங்க எந்த விதியும் தடுக்கவில்லை. பான் கார்டு வேண்டும், பாஸ்போர்ட், டிக்கெட், விசா தேவைப்படும் நாடு என்றால் விசாவும் வேண்டும், அவ்வளவுதான். 50,000 ரூபாய்க்குள் என்றால் ரொக்கமாகவே கட்டலாம், அதற்கு மேல் போனால் வங்கி வழியாக. புறப்படும் நாளுக்கு 60 நாள் முன்னாலிருந்தே வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்பதால் கடைசி நேரத்தில் வாசலில் கவர் நீட்ட வேண்டிய அவசியமே இல்லை.

"இந்திய ரூபாயையே கட்டாக எடுத்துக்கங்க, சிங்கப்பூர்ல முஸ்தபா கடைப் பக்கம் மாத்திக்கலாம்" என்று சொல்வதையும் கேட்டிருக்கிறேன். அங்கே மாற்றிக் கொடுப்பார்கள் என்பது உண்மை. ஆனால் ஒரு ஆள் வெளியே கொண்டுபோகக்கூடிய ரூபாய் 25,000 வரைக்கும்தான். திரும்பி வந்து ஊருக்கு டாக்ஸி பிடிக்கிற அளவுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், போதும்.

கார்டு பற்றியும் சொல்லிவிடுங்கள். நம்ம டெபிட் கார்டில் வெளிநாட்டு உபயோகம் முதலிலேயே அணைத்துத்தான் வைத்திருப்பார்கள், 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த ஏற்பாடு அது. வங்கி ஆப்பில் போய் நாமே திறந்துவிட வேண்டும். கிளம்புவதற்கு முன் இதைச் செய்யாமல் அங்கே போய் மிஷினில் சொருகி, கார்டு கெட்டுப்போச்சு என்று கலங்குகிறவர்கள் நிறைய. அப்புறம் கடையில் தேய்க்கும்போது "ரூபாயில் எடுக்கட்டுமா, பாத்தில் எடுக்கட்டுமா" என்று கேட்கும். ரூபாய் என்றதும் நம் ஆட்களுக்கு ஒரு நிம்மதி, உடனே அதை அமுக்கிவிடுவார்கள். அங்கேதான் காசு போகும், ஏனென்றால் ரூபாய்க்கு மாற்றும் விலையை அந்தக் கடைக்காரரின் பக்கம் தீர்மானிக்கிறது. எப்போதும் அந்த ஊர்ப் பணத்தையே அமுக்கச் சொல்லுங்கள். பஸ்ஸில் மைக் பிடித்து அந்தாக்ஷரி நடத்துகிற நேரத்தில் இதைச் சொல்ல ஐந்து நிமிஷம் ஆகாது.

நோட்டு விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன், இதில்தான் உங்கள் அனுபவம் நேரடியாகப் பயன்படும். பாங்காக்கில் டாலரை மாற்றப் போனால் நூறுக்கும் ஐம்பதுக்கும் ஒரு விலை, சின்ன நோட்டுக்கு அதைவிடக் குறைந்த விலை என்று பலகையிலேயே தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். இது உங்களுக்கு மனப்பாடம், கூட வருகிறவருக்குத் தெரியாது. அதனால் மாற்றுவதற்கு என்றால் சுத்தமான, மடிப்பில்லாத பெரிய நோட்டு, அங்கே இறங்கியதும் தண்ணீருக்கும் டிப்ஸுக்கும் என்றால் உள்ளூர்ச் சில்லறை என்று கேட்டு வாங்கிக் கொடுங்கள். லண்டனுக்குக் கூட்டிப்போகிறவர்கள் பழைய காகிதப் பவுண்டு தள்ளிவிடப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 20, 50 பவுண்டுக் காகித நோட்டுகள் 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு கடைகளில் செல்லாது, இங்கிலாந்து மத்திய வங்கி போன்ற இடங்களுக்குப் போய்த்தான் மாற்ற வேண்டும். பேரனைப் பார்க்கப் போன அம்மிச்சி அதற்காக ஒரு நாள் அலைய வேண்டுமா?

திரும்பி வந்த பிறகு நடப்பது எனக்கு இன்னும் வருத்தம். மிச்சமான பணத்தைக் காட்டி "என்னங்க பண்றது" என்று கேட்டால், "வீட்ல வெச்சிருந்தா கேஸ் ஆயிடுமுங்க, எங்ககிட்டயே குடுத்துருங்க" என்று பயமுறுத்தி அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். விதி அப்படி இல்லை. 2,000 டாலர் மதிப்பு வரைக்கும் நோட்டாக வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், அடுத்த பயணத்துக்கு ஆகும். சில்லறைக் காசுக்கு வரம்பே கிடையாது. அதற்கு மேல் இருப்பதைத் திரும்பி வந்த 180 நாளுக்குள் உரிமம் பெற்ற இடத்தில் கொடுத்தால் போதும். ஆறு மாசம் அவகாசம் இருக்கும்போது விமான நிலைய வாசலிலேயே ஏன் பதற வைக்கிறீர்கள்?

டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டுகிற வரி, பற்றி ஒரு வார்த்தை. பேக்கேஜ் பணத்தோடு சேர்த்து நீங்கள் பிடிக்கிற அந்த வரி அவரவர் பான் கணக்கில்தான் ஏறும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், கட்ட வேண்டிய வரியே இல்லை என்றால் திரும்பக் கிடைக்கும். தென்னந்தோப்பு வருமானத்தில் வாழ்கிறவர்கள் ரிட்டர்ன் போட்டே பழக்கமில்லாதவர்கள், அந்தப் பணம் போனது போனதுதான் என்று விட்டுவிடுகிறார்கள். நீங்கள் சொன்னால்தான் உண்டு.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால் எல்லோரையும் உரிமம் பெற்ற ஒரு கடைக்கோ வங்கிக்கோ கூட்டிப் போங்கள், முடியாதவர்களுக்காக அந்தக் கடைக்காரரோடு பேசி முறைப்படி ஏற்பாடு செய்யுங்கள், யாராக இருந்தாலும் அவரவர் பெயரில் பில் இருக்கட்டும். நோட்டை அவர்கள் எண்ணி, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து, பிடிக்காததை மாற்றிக் கேட்கும் வரைக்கும் பொறுமையாக நில்லுங்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஈரோடு சந்தையில் மஞ்சளை உடைத்துப் பார்த்து வாங்குகிறவர்கள்தான் அவர்கள், சொல்லிக் கொடுத்தால் நோட்டையும் பார்ப்பார்கள்.

டூர் புரோகிராம் தாளோடு சேர்த்துக் கொடுக்க, இந்த விதிகளையெல்லாம் தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதித் தர நான் தயார். காசு வேண்டாம், என் பெயரும் போட வேண்டாம். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு தடவை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், விதி மாறினால் தாளையும் மாற்றிக்கொள்ளலாம். பொங்கல் லீவுக்கான புக்கிங்கை இப்போதே ஆரம்பித்திருப்பீர்கள், அந்தக் கூட்டம் கிளம்புவதற்குள் கொடுத்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு ஏற்றுமதி நிறுவனக் கணக்கர்