லைன் கிளியர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். தீபாவளிக்கு வந்திருந்தபோது, ராத்திரி லேப்டாப்பை மூடிவிட்டு, "ஜெர்மனியில இருக்கறவர் 'சரி'ன்னு போட்டார்ப்பா. அவர் செய்வார்னு நான் இருந்துட்டேன், நான் செய்வேன்னு அவர் இருந்துட்டார்" என்று கண் கலங்கினாயே, அது மனசை விட்டுப் போகவில்லை.

முகம் பாராமல் சேர்ந்து வேலை செய்வது எனக்குப் பழக்கம்தான். ஒற்றைப் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன். அடுத்த ஸ்டேஷன்காரர் லைன் கிளியர், அதாவது 'பாதை காலி, வண்டியை அனுப்பலாம்' என்ற அனுமதி, கொடுக்காமல் வண்டியை அனுப்ப முடியாது. அவர் போனில் 'சரி' என்றால் போதாது. எந்த வண்டிக்கு என்று எண்ணைச் சொல்லி, கூடவே ஒரு பிரைவேட் நம்பரும் தர வேண்டும். அச்சடித்த தாளில் இருக்கிற 2 இலக்க எண் அது, கொடுத்ததும் அதைக் கோடு போட்டு அடித்துவிடுவார். நான் அதைத் திருப்பிச் சொல்லி, நேரம் போட்டு ரிஜிஸ்டரில் எழுதுவேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதெல்லாம் வீண் சடங்காகத் தெரிந்தது. ஒரு மழை ராத்திரி நான் கேட்டது ஒரு வண்டிக்கு, அவர் காதில் விழுந்தது வேறு வண்டி. திருப்பிச் சொன்னபோதுதான் பிடிபட்டது. விடியும்வரை எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

நீயும் வெறும் 'சரி'யை வாங்கிக்கொள்ளாதே. "இதை நீங்கள் வியாழக்கிழமைக்குள் முடிக்கிறீர்கள், வெள்ளிக்கிழமை நான் சோதித்துப் பார்க்கிறேன், அப்படித்தானே?" என்று எழுதிக் கேள். அக்டோபர் கடைசி ஞாயிறோடு ஜெர்மனிக்கும் நமக்கும் 3½ மணி வித்தியாசம் 4½ ஆகிவிடுகிறது. 'சாயங்காலம்' என்று எழுதினால் யார் சாயங்காலம்? மணியையும் ஊரையும் சேர்த்துப் போடு.

வேலையை முடித்து எழுந்திருக்கும்போது, பாதியில் நிற்பது என்ன என்று நாலு வரி எழுதிவை. நாங்கள் டூட்டி மாறும்போது டைரியில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவோம். உன்னோடு வேலை செய்கிறவர்களில் அமெரிக்காவில் இருக்கிறவர் மத்தியான வேலையில் இருக்கும்போது நீ தூங்கிக்கொண்டிருப்பாய். உன்னை எழுப்பிக் கேட்க முடியாது.

இன்னொன்று. அந்த அடுத்த ஸ்டேஷன்காரரை 2 வருஷம் நான் பார்த்ததே இல்லை. ஆனால் குரலை வைத்தே அவருக்குக் காய்ச்சல் என்று கண்டுபிடித்துவிடுவேன். நம்பர் கொடுத்து முடித்ததும், "சாப்பிட்டாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் போனை வைக்கமாட்டார். அந்த ஜெர்மனிக்காரரிடம் வேலை சம்பந்தமில்லாமல் ஒருமுறையாவது பேசியிருக்கிறாயா? கோபம் ஆறியதும், எழுதாமல் கூப்பிட்டே பேசு.

அம்மா வடகம் 2 டப்பா கூரியரில் அனுப்பியிருக்கிறாள். வந்ததும் எத்தனை டப்பா வந்தது என்று எழுது.

அன்புடன்,
அப்பா